வண்டி வைத்தியம்: மூன்றாவது பம்பு வாங்கும் முன்



நான்கு மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் இரண்டு பெட்ரோல் பம்புகள். இரண்டும் செத்தவை.

"மாமா, அஞ்சு மாசத்துல ரெண்டு பம்பு போயிடுச்சு. மூணாவது வாங்குறதா, இல்ல காடியையே காயலாங்கடைக்குத் தள்ளிடுறதா? நீங்களே சொல்லுங்க."

அவர் கேட்ட கேள்வி அவர் ஒருவருடையது மட்டும் அல்ல. அப்பா விட்டுப்போன பழைய காடியில் புது இஞ்சினைப் போட்டு ஓட்டும் பிள்ளைகள் இன்று நம் தோட்டங்களிலும் தாமான்களிலும் நிறையப் பேர். அவர்களில் பலருக்கு இந்தத் தொல்லை உண்டு. அதனால் இந்த இதழில் அந்தத் தம்பியின் காடிக்குப் பார்த்த வைத்தியத்தையே எழுதுகிறேன்.

காடி 1982-இல் செய்த தொயோத்தா கொரோலா, கே.இ.70. நம்மவர் வாயில் அது 'டி.எக்ஸ்.' தோட்டத்தில் லோரி ஓட்டிய அப்பா, பழைய காடியாக வாங்கியது. அதில்தான் அக்காள் கல்யாணத்துக்குப் போனார். அதில்தான் தம்பி முதல் நாள் பள்ளிக்கூடம் போனார். இப்போது அப்பா இல்லை. அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. வாரம் மூன்று நாள் விடியற்காலையில், ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளி ஈப்போவில் இருக்கும் ரத்தச் சுத்திகரிப்பு மையத்துக்கு அவரைக் கூட்டிப் போவது இந்தக் காடிதான்.

பழைய 4கே இஞ்சின், 1,290 சி.சி., தேய்ந்து புகை தள்ள ஆரம்பித்தது. தம்பி பணம் சேர்த்து, ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் 'ஹாப்-கட்' காடியிலிருந்து ஒரு 4ஏ-ஜி.இ. இஞ்சினை வாங்கிப் போட்டார். 1,587 சி.சி. கார்புரேட்டர் கிடையாது, இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் பீய்ச்சும் இ.எஃப்.ஐ. இஞ்சின். நல்ல இஞ்சின்தான். ஆனால் பெட்ரோல் தொட்டி மட்டும் பழைய 1982-ஆம் ஆண்டுத் தொட்டி.

முதல் பம்பு மூன்று மாதம் ஓடியது. இரண்டாவது பம்பு இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. அது நின்றது விடியற்காலை ஐந்தரை மணிக்கு, நெடுஞ்சாலையில், மழையில், அம்மா பின் இருக்கையில் இருக்கும்போது. அன்று அவர் மையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. இதைச் சொல்லும்போது அந்தத் தம்பியின் குரல் கம்மியது.

பழைய பம்பும் புதுப் பம்பும்

பழைய தொட்டி இத்தனை வருடம் ஒன்றும் செய்யவில்லையே, இப்போது மட்டும் ஏன் பம்பைக் கொல்கிறது? தம்பி கேட்டதும் இதுதான். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

கார்புரேட்டர் இஞ்சினின் பம்பு, இஞ்சின் மேலேயே உட்கார்ந்திருக்கும். இஞ்சின் சுற்றும்போது ஒரு ரப்பர் சவ்வு மேலும் கீழும் ஆடி, தொட்டியிலிருந்து பெட்ரோலை மெல்ல உறிஞ்சும். அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 3 முதல் 5 பவுண்டுதான். இஞ்சின் எரிக்கிற அளவுதான் அது இழுக்கும். மணிக்கு ஆறேழு லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் அடியில் கிடக்கும் அழுக்கு கிடந்த இடத்திலேயே கிடக்கும். கொஞ்சம் தூள் வந்தாலும் அந்தச் சவ்வு அதைப் பொறுத்துக்கொள்ளும்.

இ.எஃப்.ஐ. பம்பு வேறு ஜாதி. அதன் அழுத்தம் 35 முதல் 45 பவுண்டு. நம் காடிச் சக்கரத்துக்கு அடிக்கிற காற்றைவிட அதிகம். இஞ்சின் கொஞ்சம் எரித்தாலும் நிறைய எரித்தாலும், பம்பு ஒரே வேகத்தில் மணிக்கு 80 முதல் 120 லிட்டர் வரை தள்ளிக்கொண்டே இருக்கும். இஞ்சினுக்கு வேண்டியது போக மிச்சமெல்லாம் திரும்பு குழாய் வழியாகத் தொட்டிக்கே வந்து விழும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தொட்டியில் 40 லிட்டர் இருந்தால், ஒரு மணி நேரத்தில் அந்தப் பெட்ரோல் முழுவதும் இரண்டு முறைக்கு மேல் பம்பு வழியாகப் போய் வருகிறது. திரும்பி வந்து விழும் பெட்ரோல் அடியில் கிடக்கும் வண்டலைக் கலக்கியும் விடுகிறது. முப்பது, நாற்பது வருடமாகத் தூங்கிய அழுக்கை எழுப்பி, பம்பின் வாய்க்குள் ஊட்டுகிற மாதிரி.

இன்னொன்று. அந்தப் பம்பின் உள்ளே சுற்றும் பாகங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி தலைமுடியைவிடச் சன்னமானது. துருத் தூள் அதற்குள் புகுந்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி தேயும். பம்பின் மோட்டாரைக் குளிர வைப்பதும், அதற்கு எண்ணெய்ப் பசை கொடுப்பதும், உள்ளே ஓடும் அந்தப் பெட்ரோலேதான். பெட்ரோல் கெட்டால் பம்பும் கெடும். பெட்ரோல் வராவிட்டால் பம்பு சூடேறிச் சாகும்.

ஒன்று அழுக்கைத் தின்றது, ஒன்று பட்டினி கிடந்தது

பைக்குள் இருந்த இரண்டு பம்புகளையும் பிரித்துப் பார்த்தேன். முதல் பம்பின் உள்ளே செங்கல் பொடி மாதிரித் துரு. சுற்ற முடியாமல் சிக்கி நின்றிருக்கிறது.

இரண்டாவது பம்பின் உள்ளே அவ்வளவு அழுக்கு இல்லை. ஆனால் மோட்டார் கருகிக் கிடந்தது.

"ரெண்டாவது பம்பு போடும்போது முன்னால ஏதாவது வெச்சீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா மாமா. பட்டறையில ஒரு காகித வடிகட்டி போட்டாங்க. கண்ணாடி மாதிரி தெரியுமே, அந்தச் சின்னது. துரு பம்புக்குள்ள போகக்கூடாதுன்னு."

நல்ல எண்ணம்தான். ஆனால் வைத்த இடம் தவறு. அது கார்புரேட்டருக்கு என்று செய்த வடிகட்டி. அதன் காகிதக் கண்கள் மிகச் சின்னவை, மேனியும் சின்னது. மணிக்கு ஏழு லிட்டர் போகிற வழியில் மணிக்கு நூறு லிட்டர் கேட்டால் என்ன ஆகும்? தொட்டித் துரு அதை ஒரே வாரத்தில் அடைத்துவிட்டது. இ.எஃப்.ஐ. பம்புக்குத் தள்ளத்தான் நன்றாகத் தெரியும், இழுக்கத் தெரியாது. உறிஞ்சும் பக்கம் அடைத்தால், உள்ளே பெட்ரோல் ஆவிக் குமிழிகளாக மாறும். பம்பு ஊளையிடும், சூடேறும், கருகும். நம் ஊர் வெயிலில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

முதல் பம்பு அழுக்கைத் தின்று செத்தது. இரண்டாவது பம்பு பட்டினி கிடந்து செத்தது. இரண்டுக்கும் காரணம் ஒரே தொட்டி.

துரு எப்போது வந்தது?

"காடி எவ்வளவு நாள் ஓடாம கிடந்துச்சு?" என்று கேட்டேன்.

ஹாப்-கட் வாங்கப் பணம் சேர்க்கும் வரை ஒன்றரை வருடம், வீட்டுக்குப் பின்னால் கூடாரத் துணி போர்த்திக் கிடந்ததாம். தொட்டியில் கால் பங்கு பெட்ரோல்.

விஷயம் அங்கேதான். பகல் வெயிலில் தொட்டிக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியேறும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது வெளிக் காற்றை உள்ளே இழுக்கும். நம் நாட்டுக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. அந்த ஈரம் தொட்டியின் சுவரில் வியர்வையாகப் படியும். பெட்ரோல் படாத முக்கால் பங்குச் சுவரும் துருப்பிடிக்கும். வழிந்த தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது. ஆகவே அடியில் போய்த் தங்கி அடித்தகட்டையும் அரிக்கும். நோய் வந்தது காடி தூங்கியபோது. வலி தெரிந்தது காடி ஓடியபோது.

உங்கள் தொட்டியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. பழைய வடிகட்டியில் இருப்பதை ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் கொட்டிப் பாருங்கள். செந்நிறத் தூளும் செதிலும் துரு. கறுப்பாக, நசுக்கினால் மை மாதிரி ஒட்டினால், அது பழைய ரப்பர் குழாய் உள்ளே உரிந்து வந்தது. தேன் நிறத்தில் பிசின் மாதிரி இருந்தால், வெகு நாள் கிடந்து கெட்ட பெட்ரோல். தோல் தோலாக வந்தால், யாரோ முன்பு தொட்டிக்குள் பூசிய பூச்சு பெயர்கிறது. தொட்டி அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து வைத்தால், தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும்.

முதலில் உயிர், பிறகு காடி

தொட்டியைக் கழற்றும் முன் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். இதைப் படித்துவிட்டு மற்றதை மறந்தாலும் பரவாயில்லை, இதை மறக்காதீர்கள்.

பெட்ரோல் நிறைந்த தொட்டியைவிடக் காலித் தொட்டிதான் ஆபத்து. எரிவது பெட்ரோல் தண்ணீர் அல்ல, அதன் ஆவி. காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு ஆவி இருந்தாலே வெடிக்கப் போதும். அந்த ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்து போய், பத்தடி தள்ளி இருக்கும் அடுப்பையோ சாமி விளக்கையோ தேடிப் பிடிக்கும்.

ஆகவே வேலையைத் திறந்த வெளியில், பகலில் செய்யுங்கள். வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் வேண்டாம். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றுங்கள். பக்கத்தில் சிகரெட், கொசுவத்தி, கைப்பேசி சார்ஜர் எதுவும் கூடாது. பிள்ளைகளைத் தூர அனுப்புங்கள். பெட்ரோலைப் பிடிக்கப் பெட்ரோலுக்கென்றே உள்ள கலன் வேண்டும்; வாளியும் மினரல் வாட்டர் போத்தலும் வேண்டாம். தூள் தெளிக்கும் தீயணைப்பான் ஒன்று கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும்.

தொட்டியில் ஓட்டை இருந்தால் நீங்களாக வெல்டிங் வைக்காதீர்கள். தெரிந்த பட்டறையிலும் அவசரப்படுத்தாதீர்கள். "ரெண்டு தடவை கழுவிட்டோம், ஒண்ணும் ஆகாது" என்று சொன்ன பிறகு வெடித்த தொட்டிகள் உண்டு. தகட்டின் மடிப்புகளில் பெட்ரோல் ஒளிந்திருக்கும். சூடு பட்டதும் ஆவியாகும். ஓட்டை விழும் அளவுக்கு அரித்த தொட்டி என்றால் வேறு தொட்டி தேடுவதே நல்லது.

தொட்டியைக் கழுவும் முறை

தம்பியும் நானும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை இந்த வேலையைச் செய்தோம்.

தொட்டியை இறக்கி, எண்ணெய் அளவு காட்டும் மிதவையையும் உறிஞ்சு குழாயையும் கழற்றினோம். பாத்திரம் கழுவும் திரவமும் தண்ணீரும் விட்டு, பெட்ரோல் வாடை போகும் வரை பல முறை அலசினோம். பிறகு ஒரு பழைய சைக்கிள் சங்கிலியை உள்ளே போட்டு, கொஞ்சம் தண்ணீரும் விட்டு, தொட்டியைத் தாலாட்டுகிற மாதிரி எல்லாப் பக்கமும் உருட்டினோம். சங்கிலி துருவைப் பெயர்க்கும். கொட்டிப் பார்த்தால் அரை பால் டின் அளவுக்குச் செந்துரு!

பிடிவாதமாக ஒட்டிய துருவுக்கு எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலத் தூள். பலகாரப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும். பத்து லிட்டர் வெந்நீருக்கு அரைக் கிலோ. தொட்டியை நிரப்பி ஓர் இரவு வைத்தோம். மூடியை இறுக மூடவில்லை. உள்ளே வாயு உண்டாகும், அது வெளியேற வழி வேண்டும். பேட்டரி அமிலம், கழிப்பறை கழுவும் அமிலம் இவற்றை ஊற்றாதீர்கள். அவை துருவோடு நல்ல தகட்டையும் தின்றுவிடும். பழைய தொட்டிகள் பலவற்றுக்கு உள்ளே ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சு உண்டு. அந்தப் பூச்சு இன்னும் பளபளவென்று இருக்கும் தொட்டியில் எந்த அமிலமும் வேண்டாம், அலசினால் போதும்.

மறுநாள் அமிலத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அலசினோம். பிறகு நல்ல தண்ணீர். பிறகு உடனே பட்டறைக் காற்றுக் குழாயால் ஊதி, வெயிலில் காய வைத்தோம். 'உடனே' என்பதைக் கவனியுங்கள். கழுவிய இரும்பு சில நிமிடத்திலேயே மறுபடியும் சிவக்க ஆரம்பிக்கும். தலைமுடி காய வைக்கும் கருவி, தூசி உறிஞ்சும் கருவி எதையும் தொட்டிக்குள் நீட்டாதீர்கள். அவற்றின் மோட்டாரில் பொறி பறக்கும். காய்ந்ததும் ஒரு லிட்டர் பெட்ரோலில் கொஞ்சம் இஞ்சின் எண்ணெய் கலந்து உள்ளே சுழற்றி, வடித்தோம். மெல்லிய எண்ணெய்ப் படலம் துருவைத் தள்ளிப் போடும்.

கையுறை, கண்ணாடி இல்லாமல் இந்த வேலை வேண்டாம். கழுவிய அழுக்குத் தண்ணீரைக் கால்வாயில் ஊற்றவும் வேண்டாம். அதில் பெட்ரோலும் ஈயமும் இருக்கும். தோட்டத்துக் கால்வாய் எந்த ஆற்றில் போய் விழுகிறது என்று உங்களுக்கே தெரியும். கழிவெண்ணெய் சேர்க்கும் பட்டறையில் கேட்டு ஒப்படையுங்கள்.

தொட்டிக்குள் பூசும் பூச்சு வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். துரு முழுவதும் போய், எலும்பு மாதிரி காய்ந்த தொட்டியில் பூசினால் நல்லது. அவசரத்தில் ஈரத்தின் மேலும் துருவின் மேலும் பூசினால், ஆறு மாதத்தில் தோலாக உரிந்து பம்பின் வாயை அடைக்கும். எங்கள் தொட்டிக்குப் பூசவில்லை. சுத்தமான தகடு, நிறைந்த பெட்ரோல், அது போதும் என்று விட்டோம்.

பால் வடிகட்டின கதை

தொட்டியை எவ்வளவு கழுவினாலும் மடிப்பில் ஒளிந்த துரு கொஞ்ச நாள் வந்துகொண்டுதான் இருக்கும். அதற்குத்தான் வடிகட்டி. தொட்டியைக் கழுவாமல் வடிகட்டியை மட்டும் நம்புவது, கூரை ஒழுகும்போது பாத்திரம் வைப்பது மாதிரி.

எந்த வடிகட்டி எங்கே? பால்மரம் சீவியவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையே இல்லை. மங்கில் பாலோடு இலையும் பட்டைத் துண்டும் கலந்திருக்கும். ஸ்டோரில் முதலில் பெரிய கண் சல்லடையில் ஊற்றுவார்கள். பிறகுதான் சின்னக் கண் சல்லடை. முதலிலேயே சின்னக் கண் வைத்தால் பால் இறங்காமல் தேங்கி வழியும். பெட்ரோலுக்கும் அதே சட்டம்தான்.

பம்புக்கு முன்னால் பெரிய கண். 100 மைக்ரோன் அளவுள்ள எஃகு வலை வடிகட்டி, கழற்றிக் கழுவக்கூடியது, வாயும் உடம்பும் பெரியது. ஒரு தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரோன். ஆகவே செதிலையும் கரட்டுத் தூளையும் இது பிடித்துவிடும், பெட்ரோலைத் தடுக்காது.

பம்புக்குப் பின்னால் சின்னக் கண். 10 மைக்ரோன் அளவுள்ள, இ.எஃப்.ஐ. காடிக்கென்று செய்த இரும்பு உறை வடிகட்டி. இது இன்ஜெக்டரின் ஊசிமுனைத் துளைகளைக் காக்கும். பின்னால் இருப்பது தள்ளும் பக்கம்; பம்பு பலமாகத் தள்ளுவதால் சின்னக் கண் இருந்தாலும் பெட்ரோல் போகும். ஆனால் இந்த இடத்தில் கார்புரேட்டர் காலத்துப் பிளாஸ்டிக் வடிகட்டியை வைக்கவே கூடாது. 40 பவுண்டு அழுத்தத்தில் அது வெடித்தால் சூடான இஞ்சின் மேல் பெட்ரோல் பீய்ச்சும்.

ரப்பர் குழாயும் அப்படித்தான். பழைய குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றுங்கள். அழுத்தம் உள்ள பக்கத்துக்கு 30ஆர்9 என்று அச்சிட்ட குழாய், அதற்குரிய வட்டக் கிளிப்போடு. தொட்டிக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் குழாய்க்கு 30ஆர்10 வேண்டும். வெளிக் குழாயை உள்ளே போட்டால் வெளித்தோல் ஊறிக் கரைந்து, அதுவே புது அழுக்காகிவிடும்.

பம்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், தொட்டியின் அடிமட்டத்துக்குத் தாழ்வாக, ரப்பர் வைத்துப் பொருத்துங்கள். பெட்ரோல் தானாகப் பம்பின் வாய்க்கு இறங்கவேண்டும். புகைக்குழாய் அருகில் வேண்டாம்.

பழைய தொட்டிக்குள் இ.எஃப்.ஐ. தொட்டியில் இருக்கிற மாதிரித் தடுப்புகள் இருக்காது. பெட்ரோல் குறைந்திருக்கும்போது வளைவில் திரும்பினால், பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்பு காற்றை உறிஞ்சும். இதற்கும் வழி உண்டு. ஒரு சின்ன மெல்லழுத்தப் பம்பு, தொட்டியிலிருந்து பெட்ரோலை ஒன்று அல்லது இரண்டு லிட்டர் கொள்ளும் இடைத் தொட்டிக்கு ஏற்றும். பெரிய பம்பு அந்த இடைத் தொட்டியிலிருந்து எடுக்கும். இஞ்சினில் மிஞ்சியதும் இடைத் தொட்டிக்கே வரும். அங்கும் மிஞ்சினால் பெரிய தொட்டிக்கு வழியும். இதில் இன்னொரு லாபம்: பெரிய தொட்டியின் வண்டல் நேராக விலையுயர்ந்த பம்புக்கு வராது. தம்பியிடம் இப்போது அதற்குப் பணம் இல்லை. "அரைத் தொட்டிக்குக் கீழே விடாதீங்க, போனஸ் வரட்டும்" என்றேன்.

மின்கம்பிக்குத் தனி பியூசும் ரிலேயும் வையுங்கள். இஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும்படி கம்பி கொடுக்கவேண்டும். காடி மோதிக் கவிழ்ந்து கிடக்கும்போது பம்பு மட்டும் ஓடினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இஞ்சின் மாற்றியவர்கள் ஜே.பி.ஜே.-யில் ஒப்புதல் வாங்கி, வண்டிப் பரிசோதனை செய்து, கிராண்டில் புது இஞ்சின் எண்ணைப் பதிந்துவிடுங்கள். விபத்து நடந்த பிறகு காப்புறுதிக்காரரிடம் விளக்கம் சொல்ல முடியாது.

கணக்குப் பார்த்தால்

இரண்டு பம்புக்குத் தம்பி கொடுத்தது 360 வெள்ளி. இரண்டு முறை இழுவை லோரிக்கு 300 வெள்ளி. எலுமிச்சை உப்பு, சோடா, இரண்டு வடிகட்டி, குழாய், கிளிப் எல்லாம் சேர்த்து 200 வெள்ளிக்குள் முடிந்தது. முதல் பம்பு நின்ற அன்றே தொட்டியை இறக்கியிருந்தால், இரண்டாவது பம்பும் பிழைத்திருக்கும்.

மூன்றாவது பம்பு போட்டு, 200 கிலோமீட்டர் ஓடியதும் முன் வடிகட்டியைத் திறந்தோம். ஒரு சிட்டிகை செந்தூள். கழுவி மாட்டினோம். 1,000 கிலோமீட்டரில் மறுபடியும் திறந்தோம். வலையில் ஒன்றும் இல்லை. பம்பின் ஓசையும் ஒரே சீராக, தாழ்ந்த ரீங்காரமாக இருந்தது. அந்த ஓசையைக் காதில் வைத்துக்கொள்ளுங்கள். அது ஊளையாக மாறினால் முன் வடிகட்டியைத் திறந்து பாருங்கள். பம்பு சாகும் முன் சொல்லும் சேதி அது.

காடியை வெகு நாள் நிறுத்தி வைப்பதானால் தொட்டியை நிரப்பி வையுங்கள். காற்று நிற்க இடம் இல்லாவிட்டால் ஈரமும் வராது. தொட்டி மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மாற்றுங்கள். மழைத் தண்ணீர் அந்த வழியாகவும் இறங்கும். கப்சாய் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கும் இதே சொல்தான். அதுவும் இரும்புத் தொட்டிதான்.

வேலை முடிந்த பிறகு ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அண்ணே, என் ரத்தத்த வாரம் மூணு தடவ வடிகட்டுறாங்க. இந்தக் காடிக்கும் நீங்க அதையே செஞ்சிட்டீங்களாம்ல?"

"உங்களுக்குச் செய்றத ஒழுங்காச் செய்யணும்னுதாம்மா காடிக்கும் செஞ்சோம்" என்றேன்.

மறுநாள் அவருக்கு மையத்துக்குப் போகும் நாள். தம்பி விடியற்காலை ஐந்து மணிக்கே புறப்பட்டுவிட்டதாகவும், ஆறு மணிக்கெல்லாம் அம்மாவை இறக்கிவிட்டதாகவும் சேதி அனுப்பினார். பழைய காடி வைத்திருக்கும் அன்பர்களே, பம்பு நின்றால் கடைக்கு ஓடாதீர்கள். முதலில் தொட்டியைத் திறந்து பாருங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.